விமான மொடலுக்கு நிறம் பூசுவது: நிஜம் எவ்வளவு, கலை எவ்வளவு?

ஊர் ஊராக வந்த வாசகர் கேள்விகளும் என் பதில்களும்.

ஹட்டன்: 1/72 அளவு (அசலில் 72இல் ஒரு பங்கு) ஹரிக்கேன் போர் விமான மொடலில் பேனல் கோடுகளை, அதாவது தகடுகள் சேரும் கோடுகளை, கறுப்பால் நிரப்பினேன் அண்ணா. கட்டம் போட்ட கொப்பி மாதிரி தெரிகிறது. கோடே வேண்டாமா?

கோடு வேண்டும், கறுப்பு வேண்டாம் தம்பி. மொடலில் கோடு 0.15 மி.மீ. என்றால், அசல் விமானத்தில் அது ஏறக்குறைய 11 மி.மீ. பிளவு. உண்மையில் தகடுகள் ஒட்டியே இருக்கும். அதனால் அடிநிறத்தைவிடக் கொஞ்சம் இருண்ட நிறமே போதும். மண்ணிறத்துக்கு பேர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு எண்ணெய் வர்ணம். பச்சைக்கு அதோடு துளி கறுப்பு. வர்ணம் 1 பங்கு, அதை நீர்க்க வைக்கும் வைட் ஸ்பிரிட் 10 பங்கு. அதற்கு முதலில் க்ளொஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிடுங்கள்; இல்லாவிட்டால் படர்ந்து கறையாகிவிடும். வால், இறக்கைகளில் அசையும் பாகங்களைச் சுற்றி அசலிலேயே இடைவெளி உண்டு. அங்கே மட்டும் இருட்டாக விடலாம். எல்லாக் கோடும் ஒரே அழுத்தத்தில் இருப்பதுதான் கண்ணை உறுத்துகிறது.

பண்டாரவளை: 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் கொழும்பைக் காத்த பிரித்தானிய விமானப்படையின் 30ஆம் படையணி ஹரிக்கேன் செய்கிறேன். பெயின்ட் பெயர்ந்து தகடு தெரிவது போன்ற வெள்ளிச் சிராய்ப்பு எங்கே வைக்கலாம்?

விமானி இருக்கைக்குப் பின்னால் உடலில் வைக்கவே வேண்டாம். அது மரச்சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய துணி. தகட்டில் போல அங்கே பெயின்ட் செதில் செதிலாகப் பெயராது. சுக்கானும் துணிதான். விமானி கால் வைத்து ஏறும் இடது இறக்கை அடி, எஞ்ஜின் மூடியின் விளிம்பு, துப்பாக்கிப் பெட்டி மூடிகள், இவ்வளவும் போதும். கிழித்த ஸ்பொஞ்சில் பெயின்டைத் தொட்டு, முக்கால்வாசியைக் காகிதத்தில் ஒற்றியெடுத்த பிறகு வையுங்கள். 0.3 மி.மீ. புள்ளிகூட அசலில் இரண்டு சென்ரிமீற்றர் காயம்! இன்னொன்று: அந்தப் படையணி மார்ச்சில்தான் இலங்கைக்கு வந்தது. ஒரு மாத வெயிலுக்கு நிறத்தை அடியோடு வெளுக்க வைத்தால் பொருந்தாது.

நுவரெலியா: மேட் (பளபளப்பில்லாத) லெக்கர் வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது.

உங்கள் ஊர் ஈரம்தான் காரணம். வார்னிஷை நீர்க்க வைக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மூடுபனி இறங்கும் பின்னேரத்தில் அடிக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். தூவுவதற்குக் காற்றைத் தரும் கொம்ப்ரஸரின் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி அவசியம். பூத்துவிட்டதா? ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த லெக்கர் தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நனைய அடித்தால் டிக்கலும் (ஒட்டிய அடையாளப் படங்களும்) சேர்ந்து கரையும்.

கண்டி: கோடுகளின் கீழே முதலிலேயே கறுப்பு அடிக்கும் ப்ரீஷேடிங் பொய்தானே?

பொய்தான். வெயில் பேனலின் நடுவை மட்டும் தேடிப்போய் வெளுக்காது. ஆனாலும் ஒரே நிறத்தில் விட்ட சின்ன மொடல் பொம்மையாகத் தெரியும், ஏதாவது ஒரு வேறுபாடு தேவை. அடிநிறத்தில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்து, நன்றாக நீர்க்க வைத்து, பேனல் எல்லையைப் பார்க்காமல் திட்டுத்திட்டாக அடியுங்கள். 5 அங்குலத்தில் வைத்துப் பார்ப்பது, அசலை 30 அடியில் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் திட்டு தனியாகத் தெரிந்தால் கூடிப்போயிற்று.

தலவாக்கலை: எஞ்ஜின் புகைக்குழாயின் பின்னால் வரும் புகைக்கறையை எப்படி அடிப்பது?

பெயின்ட் 1, தின்னர் 9. கொம்ப்ரஸரின் காற்றழுத்தம் 10 முதல் 12 பி.எஸ்.ஐ. முதலில் நீளமாக மங்கிய பழுப்பு, பிறகு குழாயை ஒட்டிக் குட்டையாகக் கருஞ்சாம்பல். எப்போதும் குழாயிலிருந்து வால் பக்கமாகவே இழுங்கள்.