மைலோ டின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரே ஊரில், ஒரே மருந்து சிலருக்குப் போய்ச் சேர்கிறது, சிலருக்குச் சேர்வதில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன், கணக்கு வேலை. மருத்துவம் தெரியாது, அள்ளிக் கொடுக்கப் பணமும் இல்லை. நண்பர்கள் சேர்ந்து கோயில் பக்கம் ஒருநாள் இலவச இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களைப் போன்றவர்களால் வேறு என்ன செய்ய முடியும்?

ம., ஈசூன்

அன்புள்ள ம.,

முகாமைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பனியன் அச்சடிப்பீர்கள், படம் எடுத்துக்கொள்வீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒழுங்காகச் சோதித்துக்கொள்கிறவர்களாக இருப்பார்கள். சோதனைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால் பரிந்துரைக்கப்பட்ட சோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம். மருந்தகக் கட்டணத்தில் சலுகை தரும் சாஸ் அட்டையும் 2019 நவம்பரிலிருந்து நாட்பட்ட நோயுள்ள எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு; வருமானத்தைப் பொறுத்து அட்டையின் நிறமும் சலுகையும் மாறும். ஆனால் வீட்டிலிருந்தபடி பதிய சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வேண்டும், கைப்பேசி வேண்டும், கொஞ்சம் ஆங்கிலமும் வேண்டும். கூட ஓர் ஆள் இருந்தால் இதெல்லாம் பத்து நிமிட வேலை. ஆள் இல்லாதவர்தான் பின்தங்கிப் போகிறார்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. ஒருமுறை அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குத் துணைக்குப் போனேன். மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி, ஆனால் ஆங்கிலம்தான் பேசினார். பாட்டிக்குத் தெரிந்தது தமிழும் சந்தைக்கடை மலாயும். மருத்துவர் எதைச் சொன்னாலும் பாட்டி “ஓகே டாக்டர், ஓகே டாக்டர்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார். நான் பாட்டியைக் கேட்காமலே “ஆமாம்” என்றேன். பாட்டியின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. மருத்துவர் மருந்தைக் கூட்டி எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்து புதுப் பொட்டலத்தை வைக்க அலமாரியைத் திறந்தால், உள்ளே ஒரு பழைய மைலோ பானப்பொடி டின். கழுத்து வரை மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை அட்டைகள். காலையில் அதைப் போட்டால் வயிறு கலக்குகிறதாம். சந்தைக்குப் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கிக் கழிப்பறையைத் தேட வேண்டியிருந்ததாம். அதனால் காலை வேளை மாத்திரையை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராமல் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். “இதை டாக்டரிடம் சொல்லியிருக்கக் கூடாதா பாட்டி?” என்றேன். “அவர் என்னைக் கேட்கவே இல்லையே” என்றார். உண்மைதான். கேட்டது என்னை. பதில் சொன்னதும் நான்.

அடுத்த வாரம் டின்னையே பையில் போட்டுக்கொண்டு போனோம். மருத்துவர் திட்டவில்லை. கூட்டிய அளவைக் குறைத்து, வயிற்றை அவ்வளவாகப் படுத்தாத, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக் கொடுத்தார்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்: கூடப் போங்கள். உங்கள் புளோக்கில் ஒரே ஒருவருக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அரை நாள் விடுப்பு. போகுமுன் வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீங்கள் கூட்டிப்போனவர் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அழகுபடுத்தாதீர்கள், முக்கியமாக நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். வாயை அடக்குவது எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

பாட்டியைப் போல எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? 2010 தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 விழுக்காடு. இந்தியர்களிடையே 17.2. நம் உடல்வாகு, நம் சோறு என்று காரணம் சொல்வோம், அதுவும் சரிதான். (அன்னதானத்தில் பாயசம் மூன்றாம் முறை வரும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கே தைரியம் வருவதில்லை.) ஆனால் அந்த “ஓகே டாக்டர்” செய்யும் கெடுதலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை தேக்கா, அந்த லிட்டில் இந்தியா பக்கம், போவீர்கள் அல்லவா? அங்கே ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்த ஒரு தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மருத்துவரிடம் போனால் சம்பளம் பிடிப்பார்கள் என்று பயம். ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு, மருத்துவமனையில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரை. கட்டுமானத் தொழிலாளருக்கும் இதே சட்டம்தான். வெளிநாட்டுத் தொழிலாளரின் பெரிய சிகிச்சைக்கு முதலாளி எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்புறுதி 2023 ஜூலையில் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது. ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, உட்கார்ந்து இதைத் தமிழில் சொல்லுங்கள். எம்.சி. எனும் மருத்துவ விடுப்புத் தாளைத் தொலைக்காமல் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.

முகாமை நடத்தத்தான் போகிறீர்கள் என்றால் தடுக்கவில்லை. பனியனை மட்டும் விட்டுவிடுங்கள். சர்க்கரை கூடுதலாக வந்தவர்களிடம் அனுமதி கேட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கி, ஒரு மாதம் கழித்து நீங்களே கூப்பிடுங்கள். எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

பாட்டியின் மைலோ டின்னில் இப்போது முறுக்கு இருக்கிறது. அதை மருத்துவரிடம் இன்னும் சொல்லவில்லை.