குதிரைக்குட்டிக்குக் கழிச்சலா? முதலில் தாயின் மடியைப் பாருங்கள்

கேள்வி: குட்டி பிறந்து எட்டு நாள் ஆகிறது. நேற்றிலிருந்து தண்ணீராகக் கழிகிறது. தாய்க்குதிரையும் பருவத்துக்கு வந்திருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஒருநாள் நிறுத்திப் பார் என்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே வேண்டாம். ஈன்ற 7 முதல் 12 நாளுக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். குட்டிக்கு 5 முதல் 14 நாளுக்குள் கழியும். இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் பழி பால்மீது விழுகிறது. தாயை இழந்து புட்டிப்பாலில் வளரும் குட்டிக்கும் இதே வயதில் கழிகிறதே! குட்டியின் குடலில் புது நுண்ணுயிர்கள் குடியேறும் காலம் இது. அதற்காகத்தான் அது தாயின் லத்தியைக் கொறிக்கிறது. அதையும் தடுக்க வேண்டாம். இவ்வகைக் கழிச்சல் பெரும்பாலும் சில நாட்களில் தானாக நிற்கும்.

ஆனால் இது அதுதானா, தொற்றா என்பதை லத்தியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மடியைப் பாருங்கள். முதல் வாரத்தில் குட்டி ஒரு மணி நேரத்தில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்; மடி தளர்ந்தே இருக்கும். மடி கனத்துப் பால் சொட்டினாலோ, குட்டியின் நெற்றியில் பால் காய்ந்து ஒட்டியிருந்தாலோ, அது மடிக்கடியில் நிற்கிறதே தவிர குடிக்கவில்லை என்று பொருள். மற்ற எந்த அறிகுறியையும்விட இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அடுத்து, ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 37.2 முதல் 38.9 டிகிரி செல்சியஸ் (99–102 ஃபாரன்ஹீட்) வரை சரி. அதற்கு மேல் போனால் தொற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். கழிகிற குட்டிக்கு உடல் சில்லிட்டுப் போவது காய்ச்சலைவிட ஆபத்து.

ஈறு ஒட்டும்படி காய்ந்திருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் 2 நொடிக்குள் நிறம் திரும்புகிறதா? காது, கால் நுனி சில்லிட்டிருக்கிறதா? நீர் வற்றும்போது கண் உள்வாங்கி, கீழ் இமை உட்பக்கம் மடிந்து, இமைமுடி கருவிழியில் உராயும். கண்ணில் நீர் வழிகிறது என்று சொட்டுமருந்து தேடுவோர் உண்டு, கழிச்சலை யோசிப்பதில்லை.

பால் குடிக்காவிட்டால், காய்ச்சல் இருந்தால், லத்தியில் இரத்தம் தெரிந்தால், வயிறு உப்பினால், மூட்டோ தொப்புளோ வீங்கினால், குட்டி படுத்தே கிடந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்த முதல் சில நாட்களில் இரத்தமாகக் கழிந்தால் குட்டி சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். கடுமையான கழிச்சலில் மருத்துவரே சில மணி நேரம் பாலை நிறுத்தக்கூடும். அப்போது நரம்பு வழியாகத் திரவமும் குளுக்கோஸும் ஏற்றுவார். வீட்டில் அது முடியாது என்பதால்தான் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

கேள்வி: மருத்துவர் வரும்வரை என்ன கொடுக்கலாம்?

பதில்: தாய்ப்பாலோடு, உப்பு-குளுக்கோஸ் கரைசலைப் பாக்கெட்டில் குறித்த அளவு நீரில் கரைத்து ஒரு வாளியிலும், வெறும் தண்ணீரை இன்னொரு வாளியிலும் குட்டிக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். தானாகக் குடிக்கட்டும். தலையை உயர்த்தி வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மனிதருக்கான கழிச்சல் மாத்திரை, மீந்துபோன ஆன்டிபயாடிக், வலி ஊசி எதுவும் வேண்டாம். நீர் வற்றிய குட்டிக்கு வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரைப்பையில் புண்ணாக்கும்.

கேள்வி: பின்பக்கம் முடி உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது.

பதில்: வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசுங்கள். வாலைத் தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள். முடி திரும்ப முளைக்கும்.

கேள்வி: தாய் இறந்த குட்டிக்குப் பசும்பாலில் சர்க்கரை கலந்து கொடுக்கிறோம். கழிச்சல் நிற்கவில்லை.

பதில்: சர்க்கரையே காரணமாக இருக்கலாம். அதைச் செரிக்கும் நொதி இளங்குட்டிக்குப் போதாது. குதிரைப்பாலைவிடப் பசும்பாலில் கொழுப்பு அதிகம், பால்சர்க்கரை குறைவு. குதிரைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் 2 சதவீதக் கொழுப்புள்ள பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கலந்து கொடுங்கள். 50 கிலோ குட்டி நாளுக்கு 10 முதல் 12 லிட்டர் குடிக்கும். ஆனால் முதல் நாளே அந்த அளவுக்குப் போகாமல் படிப்படியாகக் கூட்டுங்கள். முதல் வாரத்தில் இரவிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புகட்ட வேண்டும். வேலை மிச்சமென்று நாலு வேளையாக நிறைய ஊட்டினால் கழியத்தான் செய்யும்.

கேள்வி: ஒரே லாயத்தில் மூன்று குட்டிகளுக்கு அடுத்தடுத்துக் கழிகிறது.

பதில்: ரோட்டா வைரஸாக இருக்கலாம், சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவாகவும் இருக்கலாம், லத்தியைச் சோதனைக்கு அனுப்புங்கள். நோயுற்ற குட்டியைத் தாயோடு சேர்த்தே தனியாக வையுங்கள். நலமான குட்டிகளைக் கவனித்த பிறகே நோயுற்ற குட்டியிடம் செல்லுங்கள். வாளி, துடைப்பம், காலணி தனியாக இருக்கட்டும். படுக்கையை அள்ளி, சோப்புநீரில் தரையைத் தேய்த்துக் காயவிட்ட பிறகே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். லத்தி ஒட்டிய தரையில் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும். பீனால் வகைக் கிருமிநாசினி பரவாயில்லை. சால்மொனெல்லா மனிதருக்கும் தொற்றும். கிருமிநாசினி ஜெல்லை நம்பாமல் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகளை லாயத்துக்குள் விடாதீர்கள். அடுத்த ஈற்றுக்கு, சினைக்குதிரைக்கு 8, 9, 10-ஆம் மாதங்களில் ரோட்டா தடுப்பூசி போட முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த எதிர்ப்புச்சக்தி சீம்பால் வழியாகத்தான் வரும் என்பதால், குட்டி பிறந்த சில மணி நேரத்துக்குள் வயிறாரச் சீம்பால் குடித்தாக வேண்டும்.