லிங்க்ட்இன், வட்ஸ்அப், முகநூல்: கொழும்பு வளாக மாணவர்களின் வேலை தேடல் கேள்விகள்

தொழில் வழிகாட்டல் அலகுகளோடு வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் பதில் தருகிறார். ஒரே மாதிரியான கேள்விகள் சேர்க்கப்பட்டுள்ளன.

மூன்றாம் வருட மாணவி, வெள்ளவத்தை: அக்கா, லிங்க்ட்இன்னில் ஆறு மாதமாக இருக்கிறேன். ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பெயருக்குக் கீழே "அண்டர்கிராஜுவேட்" என்று போட்டிருக்கிறேன்.

அந்தச் சொல்லைத் தேடி யாரும் வருவதில்லை, தங்கச்சி. ஆள் எடுப்பவர்கள் "அக்கவுண்ட்ஸ் இன்டர்ன்", "எக்ஸல்", "கொழும்பு" என்றுதான் தட்டுகிறார்கள். அந்த வரிக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. ஆனால் போன் திரையில் முன்பாதிதான் தெரியும். ஆகவே தேடும் வேலையின் பெயர் முதலில், தெரிந்த மென்பொருள் அடுத்து, எப்போதிலிருந்து வரமுடியும் என்பது கடைசியில். "அபவுட்" பகுதி 2,600 எழுத்துகள் கொள்ளும். முதல் சில வரிகளோடு அதுவும் மடிந்துவிடும். "கடின உழைப்பாளி" என்று தொடங்கினால் அந்த வரிகள் வீண். "மூன்று வருட விற்பனைக் கணக்கைப் பிவோட் அட்டவணையாக்கி, எந்த மாதம் சரக்குத் தேங்குகிறது என்று காட்டினேன்" என்று தொடங்குங்கள். அந்த அட்டவணையின் படத்தையும் "ஃபீச்சர்ட்" பகுதியில் போடுங்கள்.

பெயரையும் ஒருமுறை பாருங்கள். முதலெழுத்து, தகப்பனார் பெயர் என்று நம்மவர் பெயர் சான்றிதழில் ஒரு மாதிரி, முகநூலில் ஒரு மாதிரி, சுயவிபரக் கோவையில் வேறு மாதிரி இருக்கும். தேடுபவருக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் வையுங்கள்.

இறுதி வருடம், கொட்டாஞ்சேனை: பழைய மாணவர்களுக்கு மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். என்ன பிழை விடுகிறேன்?

"எனக்கு ஒரு வேலை எடுத்துத் தாருங்கள் அண்ணா" என்று கேட்டிருப்பீர்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. அதனால்தான் பேசாமல் இருக்கிறார்.

முதலில் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் லிங்க்ட்இன் பக்கத்துக்குப் போய் "அலம்னை" என்ற தாவலைத் திறந்தால், எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், என்ன படித்தார்கள் என்று வடிகட்டலாம். இரண்டு மூன்று வருடம் முன்னால் வெளியேறியவர்களைப் பிடியுங்கள். பணிப்பாளர்களை விட அவர்களுக்குத்தான் நேர்முகப் பரீட்சை நினைவிருக்கும். (கல்வி விபரத்தில் பல்கலைக்கழகப் பெயரைக் கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து தெரிவுசெய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சுயவிபரம் அந்தப் பக்கத்தோடு சேராது.)

இலவசக் கணக்கில் அழைப்போடு அனுப்பும் குறிப்பு 200 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும். மாதத்துக்கு ஒரு சிலதுதான் அனுப்பலாம். கண்டபடி செலவழிக்காதீர்கள். "வணக்கம் அண்ணா, உங்கள் பீடத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். ஓடிட் பயிலுநர் தேர்வில் எக்ஸல் பரீட்சை இருந்ததா?" இவ்வளவு போதும். ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. சுயவிபரக் கோவையை இணைக்காதீர்கள், பேச்சு வளர்ந்தால் அவரே கேட்பார். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

தொழில் வழிகாட்டல் அலுவலர், தனியார் கல்வி நிறுவனம்: எங்களிடம் ஐந்து வட்ஸ்அப் குழுக்கள். வெற்றிட அறிவித்தல் போட்டால் "குட் மோர்னிங்" படங்களுக்குள் புதைந்துவிடுகிறது.

குழு இதற்குத் தோதான இடமில்லை. அதில் ஒவ்வொருவரின் இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். மாணவிகள் வெளியேற அதுவே முதற்காரணம். "சனல்" ஒன்று தொடங்குங்கள். அங்கே நீங்கள் மட்டும்தான் பதிவிடலாம். பின்தொடர்பவர்களின் இலக்கம் ஒருவருக்கொருவர் தெரியாது.

அடுத்த வில்லங்கம் போஸ்டர். நிறுவனம் தந்த படத்தை அப்படியே போட்டால் மின்னஞ்சல் முகவரியைப் பிரதிபண்ண முடியாது, தேடினாலும் அகப்படாது, பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். பதவி, நிறுவனம், இடம், கொடுப்பனவு, இறுதித் திகதி, இணைப்பு என்ற ஆறையும் எழுத்தாகப் போட்டுப் படத்தைப் பின்னால் வையுங்கள். இறுதித் திகதி தெரியாத அறிவித்தலைப் போடவே வேண்டாம் என்பேன். காலாவதியான இரண்டு அறிவித்தல்களுக்கு விண்ணப்பித்த மாணவர் மூன்றாவதைத் திறக்கமாட்டார்.

வட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், முகநூல் மூன்றுக்கும் ஒரே இணைப்பைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் வேறு யூடிஎம் குறி (எந்தத் தளத்திலிருந்து வந்தார் என்று காட்டும் சிறு சொற்கள்) சேர்த்தால், விண்ணப்பப் படிவத்துக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியும். லைக் எண்ணிக்கையைக் கூட்டத்தில் காட்டுவதைவிட அது பயன்.

அதே அலுவலர்: வேலை கிடைத்த மாணவர்களின் படம் போடலாமா?

எழுத்தில் சம்மதம் வாங்கிப் போடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வையுங்கள். நீக்கச் சொன்னால் அன்றைக்கே நீக்குங்கள். சம்பளத்தைப் போடாதீர்கள்.

பம்பலப்பிட்டி: லிங்க்ட்இன் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் பச்சை வளையம் போடுவது பிச்சை கேட்பது போல இல்லையா?

மாணவருக்கு அதில் கூச்சம் தேவையில்லை. ஏற்கனவே வேலையில் இருப்பவர் "ரிக்ரூட்டர்களுக்கு மட்டும்" என்பதைத் தெரிவுசெய்யலாம். முழு இரகசியத்துக்கு லிங்க்ட்இன் உத்தரவாதம் தருவதில்லை.

உயர்தரக் காலத்தில் முகநூலில் சண்டை பிடித்தவர்: பழையதை எப்படி மறைப்பது?

"அமைப்புகள்" பகுதியில் பழைய பதிவுகளைக் கட்டுப்படுத்தும் தெரிவு இருக்கிறது. பகிரங்கமாகக் கிடந்தவை ஒரேயடியாக நண்பர்களுக்கு மட்டுமாக மாறும். மற்றவர் பக்கத்தில் நீங்கள் எழுதிய பின்னூட்டங்களை அது தொடாது. அவற்றை "அக்டிவிட்டி லொக்" ஊடாக ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். பிறகு பிரௌசரின் மறைநிலைச் சாளரத்தில் உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

தெமட்டகொடை: டெலிகிராமில் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, விசா செலவும் அவர்களுடையது என்கிறார்கள். அடையாள அட்டைப் படம் கேட்கிறார்கள்.

அனுப்பாதீர்கள் தம்பி. சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்கு அழைத்து, எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடிப் பக்கம் உள்ள இணைய மோசடி முகாம்களில் அடைத்த கதைகளில் இலங்கைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கும் கணினி வேலை என்றுதான் சொன்னார்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, இந்தக் குறிப்பிட்ட வேலைக்கு அங்கீகாரம் உண்டா. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அனுமதிப்பத்திரம் உள்ள முகவரின் பெயரைத் திருடிப் போலிப் பக்கம் நடத்துவது சாதாரணம். பணியகத்தின் பட்டியலில் அந்த முகவருக்கு உள்ள இலக்கத்துக்கு அழைத்து, அந்த அறிவித்தல் தங்களுடையதுதானா என்று அவர்களிடமே கேளுங்கள். படத்தை ஏற்கனவே அனுப்பியிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள்.