வானியல் கற்க, கிராமத்துத் தொலைநோக்கிக் கூடங்களுக்குப் போவதில் பயன் உண்டா?

நகரத்தில் இருப்பதாகவும், ஊருக்கு வெளியே ஆர்வலர்கள் நடத்தும் தொலைநோக்கிக் கூடங்களுக்குப் போகலாமா, இல்லை சொந்தமாக ஒரு தொலைநோக்கி வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் போய்ப் பாருங்கள். வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்.

நான் முதன்முதலில் போனது ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு சிற்றூருக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டியிருந்தார். தகரக் கூரையைக் கையால் தள்ளினால் உருண்டு பின்னால் போய்விடும். உள்ளே 8 அங்குலக் கண்ணாடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கி, அதாவது எளிய தாங்கியில் வைத்துக் கையால் திருப்பும் வகை. மோட்டார் எதுவும் கிடையாது.

ஏப்ரல் கடைசி, அமாவாசை இருட்டு. இரவு 10.30-க்குப் போனேன். தொலைநோக்கி அருகே விடாமல், கைப்பேசியை அணைக்கச் சொல்லி, கயிற்றுக் கட்டிலில் அரைமணி நேரம் படுக்க வைத்தார். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை வெளிச்சம் பட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான். அவருடைய டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது.

படுத்தபடியே பாடம் ஆரம்பமானது. தெற்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே இருந்த நட்சத்திரத்தைக் காட்டி, "அதுதான் தம்பி சித்திரை. சித்திரைப் பௌர்ணமி அன்று நிலா அது பக்கத்தில்தான் நிற்கும்" என்றார். நாள்காட்டியில் மட்டுமே பார்த்திருந்த பெயர் அது. "கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடி. அந்த நட்சத்திரத்திலிருந்து நேர் தெற்கே மூன்றரை முட்டி அளவு இறங்கு. மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறதா?" தெரிந்தது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து.

தொலைநோக்கியில் முதலில் வெறும் வெண்புகை. எனக்கு ஏமாற்றம்தான். "நேராகப் பார்க்காதே, ஓரக்கண்ணால் பார்" என்றார். பார்வையைச் சற்று விலக்கியதும் புகை பொடிப்பொடியாக உடைந்தது, கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டியது போல. மங்கிய ஒளியை விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரம்தான் நன்றாக வாங்கும். ஏறக்குறைய 1 கோடி நட்சத்திரங்கள் சேர்ந்த கொத்து அது, சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில். லண்டனில் இருப்பவர் ஊரிலிருந்தபடி இதைப் பார்க்கவே முடியாது. நமக்கு நன்றாக மேலே ஏறி வருகிறது. சற்று நேரத்தில் அது வில்லையின் ஓரத்துக்கு நழுவிவிடும், குழாயை மெல்லத் தள்ள வேண்டும். பூமி சுழல்வதைக் கையில் உணர்ந்தது அன்றைக்குத்தான்.

அவர் பக்கத்தில் இல்லாமல் நானே வாங்கியிருந்தால், அந்த வெண்புகையைப் பார்த்துவிட்டு மூட்டை கட்டி வைத்திருப்பேன்.

அதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸின் வளையங்கள் 1977-இல் தெரியவந்ததில் அங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் தொலைநோக்கியை நேரில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அது ஆராய்ச்சிக் கருவி, நாம் கண் வைத்துப் பார்க்க அல்ல. பார்வையாளர் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை, அமாவாசையை ஒட்டிய நாளாகத் தேர்ந்தெடுங்கள். ஜூனுக்குப் பிறகு மேகம் பார்த்துத் திரும்ப வேண்டிவரும். படங்களில் வரும் வண்ணங்களை எதிர்பார்க்காதீர்கள், நெபுலாக்கள் (விண்வெளியின் வாயு, தூசு மேகங்கள்) கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மலையடிவாரம் என்றால் ஸ்வெட்டர் வேண்டும். அப்புறம், வண்டியைச் சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். உள்ளே யாராவது அரைமணி நேரமாகக் கண்ணைப் பழக்கிக்கொண்டு படுத்திருப்பார்.