பெயருக்கு முன்னால் ஒரு கோடு

அன்புள்ள அக்கா,

நீங்கள் ஓர் உரையில் குறிப்பிட்ட 'பாஸ்டர்ட் அவுட் ஆஃப் கரோலினா' (1996) படத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ரூத் ஆன் என்ற அந்தச் சிறுமியை மாற்றாந்தந்தை அடித்துச் சீரழிக்கிறான். கண்ணால் கண்ட பிறகும் தாய் அவனோடே போய்விடுகிறாள். இவளெல்லாம் ஒரு தாயா? இந்தக் கொடுமையையெல்லாம் திரையில் காட்டத்தான் வேண்டுமா? என் மகளுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு இதைக் காட்டலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மகளுக்குக் காட்டுவது இருக்கட்டும். முதலில் நீங்கள் இன்னொரு முறை பாருங்கள். இம்முறை சாப்பிட்டுவிட்டு.

திரையில் காட்ட வேண்டுமா என்பதை உங்களுக்கு முன்னால் அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னரே கேட்டுவிட்டார். அவருடைய டிஎன்டி தொலைக்காட்சிக்காகத்தான் அஞ்சலிகா ஹூஸ்டன் இதை இயக்கினார். டர்னர் பார்த்துவிட்டு, ஒளிபரப்ப முடியாது என்றார். ஷோடைம் என்ற இன்னொரு தொலைக்காட்சி வாங்கி அந்த டிசம்பரில் காட்டியது. வானம் இடிந்து விழவில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது வேறு இடத்தில். 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது, இல்லையா? அந்தத் தாய் ஆன்னி பேய், நீங்கள் தெய்வம், கணக்குத் தீர்ந்தது. பெற்றவளை இந்த இரண்டில் ஒரு பீடத்தில் ஏற்றாவிட்டால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. அவளை மன்னிக்கச் சொல்லவில்லை அம்மா, நானே மன்னிக்கவில்லை. ஆனால் அவள் கையில் ஒரு காகிதம் இருந்ததே, அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படி என்னதான் பார்த்தீர்கள்?

தெற்குக் கரோலினாவில் கிரீன்வில் என்ற ஊர், ஐம்பதுகள். கார் விபத்தில் ஆன்னி நினைவு தப்பிக் கிடக்கும்போதே குழந்தை பிறக்கிறது. தகப்பன் பெயர் என்ன என்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாக உளறுகிறார்கள். பிறப்புச் சான்றிதழின் அடியில் விழுகிறது முத்திரை: முறைப்படி பிறக்காத குழந்தை. அது சிவப்பு மையில், பெரிய எழுத்தில் இருந்தது என்று டாரதி ஆலிசன் இந்தப் படத்துக்கு மூலமான தன் நாவலில் (1992) எழுதியிருக்கிறார். ஆன்னி நீதிமன்றக் கட்டடத்துக்கு நடையாய் நடக்கிறாள். புதிய சான்றிதழ் தருகிறார்கள். அதிலும் அதே முத்திரை. ஆன்னியின் போட்ரைட் குடும்பத்தைக் குப்பை என்று ஊர் சொன்னதை இப்போது அரசாங்கம் மை தொட்டுக் குத்திக் கொடுக்கிறது.

முதல் கணவன் நல்லவன், செத்துப்போனான். அடுத்து, நீங்கள் சொன்ன அந்த மாற்றாந்தந்தை கிளென் வந்து நிற்கும்போது அவளுக்கு ஓர் ஆள் தெரிந்திருக்க மாட்டான். சான்றிதழில் தகப்பன் பெயருக்குக் காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டம்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கடைசியில் மகளைக் கைவிட்டுப் போகிறவள் மகளிடம் கொடுத்துவிட்டுப் போவதும் அந்தக் காகிதத்தைத்தான். முத்திரை இல்லாத புதிய சான்றிதழ். பிள்ளையைக் காப்பாற்றவில்லை, காகிதத்தைத் துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

நமக்கு முத்திரைகூட வேண்டாம், இனிஷியல் போதும். ஆறாம் வகுப்பில் என் பெயரிலேயே இன்னொருத்தி இருந்தாள். எனக்கு அப்பாவின் முதல் எழுத்து இருந்தது. அவளுக்கு இல்லை. வருகைப் பதிவேட்டில் எழுத்து வரவேண்டிய இடத்தில் ஆசிரியை சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தார். ஒரு வாரத்துக்குள் வகுப்பில் அவள் பெயரே கோடு என்றாகிவிட்டது. அப்படி முதலில் கூப்பிட்டது யார் என்று கேட்காதீர்கள். என் எழுத்தை அழுத்திச் சொல்லி 'உள்ளேன் அம்மா' என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அவள் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவள். பள்ளி அலுவலக வாசலில் மதியம்வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பாள். மடியில் மஞ்சள் பை, அதற்குள் பாலிதீன் உறை, அதற்குள் நான்காக மடித்த தாள். ஒருநாள் கூலி போனாலும் வருவாள். தன் பெயரின் எழுத்தையே போட்டுக்கொடுங்கள் என்று கேட்பாள். வழக்கமில்லை என்பார்கள். தாய் மட்டும் கேட்டாலும் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது செய்தித்தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொம்பளை எத்தனை நாள் கூலியை விட்டிருப்பாள்!

பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்தது. அவள் பெயருக்கு முன்னால் 'சு.' என்று இருந்தது.

"யாரடி அது?" என்றேன்.

"சுப்பிரமணியன்" என்றாள். "திருச்செந்தூரில் இருக்கிறார்."