மின்வேலியும் ரேடியோ இரைச்சலும்

கேள்வி: அவிசாவளைப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் வாழையும் மரவள்ளியும் செய்கிறேன். காட்டுப்பன்றிக்கு மின்வேலி போட்டதிலிருந்து ரேடியோவில் செக்கனுக்கு ஒரு தடவை 'டிக்' என்று கேட்கிறது. அம்மாவால் திருச்சி வானொலி கேட்க முடியவில்லை, அயல் வீட்டாரும் முறையிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எனர்ஜைசரை (வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டியை) நிறுத்துங்கள். 'டிக்' நின்றால், வேலி வயரையும் எர்த் வயரையும் கழற்றிவிட்டு எனர்ஜைசரை மட்டும் போட்டுப் பாருங்கள். அப்போதும் கேட்டால் கோளாறு பெட்டிக்குள், திருத்தக் கொடுங்கள். கேட்காவிட்டால் வேலியில் எங்கோ பொறி பறக்கிறது. நீளமான கம்பி அந்தப் பொறியின் இரைச்சலுக்கு ஏரியலாகிவிடுகிறது. திருச்சி வரும் 936 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையைத்தான் இது அதிகம் கெடுக்கும், எஃப்எம்மில் குறைவு.

இடத்தைப் பிடிக்க, பற்றரி ரேடியோவை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வேலியோரம் நடவுங்கள். இரைச்சல் கம்பி வழியே ஓடுவதால் எங்கும் கொஞ்சம் கேட்கும்; உரக்கக் கேட்கும் இடத்தில் நின்று பாருங்கள். மழை விட்ட இரவென்றால் நீலப் பொறியே கண்ணில் படும். காய்ந்த பகலில் வெடித்த இன்சுலேட்டர் (கம்பியைக் கம்பத்தில் படாமல் தாங்கும் மின்கடத்தாத் துண்டு) அகப்படாது.

பெரும்பாலும் குற்றவாளி இன்சுலேட்டர்தான். ஹோஸ் துண்டை வெட்டிக் கட்டியிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெயிலில் வெடித்து, ஈரம் ஏறிவிடும். அடுத்தது கம்பி இணைப்பு. வெறுமனே முறுக்கிய இடம் துருப்பிடித்து இடைவெளி விழும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கல்வனைஸ் கம்பியோடு செம்பு வயரைச் சேர்த்தால் அரிப்பு விரைவில் வரும். கம்பியில் உரசும் வாழை இலை, புல் எல்லாவற்றையும் வெட்டுங்கள். கை வைக்குமுன் எனர்ஜைசர் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து வேலிக்குச் சாதாரண வீட்டு வயர் போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். வேலித் துடிப்பு பல ஆயிரம் வோல்ட். அந்த வயரின் உறை அதைத் தாங்காமல் கசியும். மின்வேலிக்கென்றே விற்கும் தடித்த உறை வயரை வாங்கி, கரண்ட் லைனுக்கோ டெலிபோன் வயருக்கோ பக்கவாட்டில் ஓடவிடாமல், கடக்கவேண்டிய இடத்தில் குறுக்காகக் கடத்துங்கள்.

எர்த்துக்கு 2 மீற்றர் கல்வனைஸ் கம்பிகள் மூன்றை, 3 மீற்றர் இடைவெளியில் ஈரமான நிலத்தில் அடித்து ஒன்றாக இணையுங்கள். வீட்டு எர்த்திலிருந்து 10 மீற்றராவது தள்ளியிருக்கட்டும். இரண்டையும் சேர்த்தால் இரைச்சல் வீட்டு வயரிங் வழியே ரேடியோவுக்கே வரும்.

இந்த வேலையெல்லாம் சிரமமென்று, சிலர் சொல்வதுபோல, வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொடுத்துவிடாதீர்கள். அது சட்டவிரோதம், பன்றியோடு மனிதரையும் கொல்லும்.