செப்புக் குழாய் எதற்கு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் வீட்டில் இருக்கிறேன். ஷார்ட்வேவ் திருப்பினால் இரைச்சல்தான். லூப் (வளைய) ஆன்டெனாவைச் செப்புக் குழாயில்தான் செய்ய வேண்டும், 6,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். நானே ஒயரில் கட்டினால் எடுக்குமா?

பதில்: எடுக்கும். செப்புக் குழாய் ஒலிபரப்புகிறவர்களுக்கு. கேட்க மட்டும் என்றால் வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 4 சதுர மி.மீ. செப்பு ஒயர் போதும். 3.2 மீட்டர் வெட்டி, குறுக்காகக் கட்டிய இரண்டு மூங்கில் குச்சிகள்மீது பக்கத்துக்கு 80 செ.மீ. சதுரமாக ஒரே சுற்று. இரு முனைகளையும் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கத் திருப்பும் கேங் கண்டென்சரில் பற்றவையுங்கள். எதிர்ப்பக்கத்தில், பெரிய வளையத்தோடு இணைக்காமல், 65 செ.மீ. ஒயரில் ஒரு குட்டி வளையம். ரேடியோவுக்கு இணைப்பு அதிலிருந்துதான். 49, 41, 31 மீட்டர் ஷார்ட்வேவ் பேண்டுகள் கிடைக்கும். கேங்கை மயிரிழையாகத் திருப்பினால் சட்டென்று சத்தம் எழும்பும்.

ஏமாற்றுவது இந்தக் கேங்கில்தான். 365 பி.எஃப். (பிக்கோஃபாரட், கண்டென்சரின் அளவு) என்று கேட்டு வாங்குங்கள். எஃப்.எம். மட்டும் எடுக்கும் பெட்டியின் கேங் இருபது சொச்சம்தான் இருக்கும், அதைப் பாலிஷ் போட்டுத் தலையில் கட்டுவார்கள். பூஸ்டரும் வேண்டாம், இரைச்சலையும் சேர்த்தே அது பெரிதாக்கும்.

ஒயர் வெட்டும் முன் காசில்லாத சோதனை ஒன்று. மெயினை அணைத்துவிட்டு ரேடியோவைப் பேட்டரியில் போடுங்கள். இரைச்சல் போனால் குற்றவாளி உங்கள் எல்.இ.டி. பல்போ சார்ஜரோதான். போகாவிட்டால் வெளியே, பெரும்பாலும் மின்கம்பத்தில். மூடுபனியில் அழுக்குப் பிடித்த இன்சுலேட்டர் பொரியும் என்று நான் மின்வாரியத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். “விளக்கு எரியுதா? அப்புறம் என்ன?” என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, வளையத்தின் முகத்தை அந்தக் கம்பத்துக்குக் காட்டுங்கள், ஓரளவு அடங்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். உங்கள் கூரை தகரமா? ஓடு, ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கவலையில்லை. தகரத்தின் அடியில் வைத்தால் அலையும் குறையும், கேங் நிற்கும் இடமும் மாறும். பலர் ஆன்டெனாவைக் குறை சொல்லிப் பிரித்துப் போட்டதற்குக் காரணம் இந்தக் கூரைதான். தகரத்துக்கு ஒரு மீட்டராவது தள்ளி, திண்ணைக்கு வெளியே நிறுத்துங்கள். ஜன்னலோரம் பாதிப் பலன்தான், கம்பி வலை அடித்த ஜன்னல் என்றால் அதுவும் இல்லை. இடி வந்தால் உள்ளே எடுத்துவிடுங்கள். கேங்குக்குள் பனி இறங்காமல் பிளாஸ்டிக் டப்பா ஒன்று கவிழ்த்து வையுங்கள்.